கழுதைக்கு யார் தண்ணீர் வைத்தார்கள்?

இறையியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கிறிஸ்தவக் கல்வி நடத்துகிறேன். பீடத்தில் ஏறினால் அரைமணி நேரம் தங்குதடையின்றிப் பிரசங்கிப்பவர்கள், ஓய்வுநாள் பள்ளியில் பத்துப் பிள்ளைகளைக் கண்டால் தடுமாறுகிறார்கள்.

சென்ற ஞாயிறு ஒரு மாணவர் அடிபட்டுக் கிடந்தவரைத் தன் கழுதையில் ஏற்றிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் பற்றி இயேசு சொன்ன கதையை அவசரமாக அறிவுரையில் கொண்டுபோய் முடித்தார். முன்வரிசைச் சிறுமி எழுந்து, “ஐயா, அந்தக் கழுதைக்கு யார் தண்ணீர் வைத்தார்கள்?” என்றாள். அவர், “உட்காரம்மா” என்றார். எனக்கு மனம் வலித்தது. அந்தப் பிள்ளை கதைக்குள்ளேயே இருந்தாள். வெளியே நின்றவர் அவர்தான்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார். ஆயராகப் போகிறவர்களும் அப்படி உட்கார வேண்டும். நாளை வகுப்பில் நாற்காலிகளை ஓரம்தள்ளி, பாய் விரிக்கப்போகிறேன்.