தம்மை விட்டுட்டு முதல் வேப் (இ-சிகரெட்) கிட் வாங்கப் போறவங்களுக்கு

ரெண்டு வாரம் முன்னாடி நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலைல ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தா, ரூம்ல கூட இருக்கற தம்பி கிச்சன்ல முழிச்சு உக்காந்திருக்கான். தஞ்சாவூர் பக்கத்துப் பையன், லண்டன்ல ஈஸ்ட் ஹாம் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. "அண்ணா, தம்மை விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன், எந்த வேப் வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க, கடைக்குப் போனா அவன் சுவர் முழுக்க என்னென்னமோ மாட்டி வெச்சிருக்கான், எதுவும் புரியலை"ன்னான். தூக்கம் கண்ணைச் சொக்குது, ஆனா இந்தக் கேள்வியை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட மனசு வரலை, ஏன்னா இதே கேள்விக்குத் தப்பான பதில் கிடைச்சதாலதான் எனக்கு ரெண்டு வருஷம் வீணாப் போச்சு. ரெண்டு டீ குடிச்சுக்கிட்டே சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது இங்கிலாந்துல இருக்கறவங்களுக்கு எழுதறது. இந்தியாவுல 2019ல இருந்தே இ-சிகரெட் தயாரிக்கறது, விக்கறது, இறக்குமதி பண்றது எல்லாமே சட்டப்படி தடை, முதல் தடவை மாட்டினாலே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம். அதனால லீவுக்கு ஊருக்குப் போறப்ப பையில போட்டுட்டுப் போகாதீங்க. சிங்கப்பூர் வழியா போறவங்க இன்னும் ஜாக்கிரதை, அங்க கையில வெச்சிருந்தாலே குத்தம். ஊர்ல இருந்து படிக்கறவங்க யாராவது தம்மை விடணும்னு நினைச்சா 1800-11-2356 இலவச நம்பர், பேசினா வழி சொல்வாங்க, நிகோடின் சூயிங்கம்மும் தோல்ல ஒட்டற பேட்ச்சும் ஊர்லயே கிடைக்குது. அப்புறம் சிகரெட்டே பிடிக்காதவங்க வேப் பக்கமே போகாதீங்க. இது சிகரெட்ல மாட்டிக்கிட்டவன் வெளிய வர்றதுக்கான வழி மட்டும்தான்.

இப்ப என் கதை. நான் பதினாறு வருஷம் தம் அடிச்சவன், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், குளிர் காலத்துல கொஞ்சம் கூடவே. 2023ல முதல் தடவையா விடலாம்னு ஒரு கடைக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் பெரிய செட்டு ஒண்ணைக் காட்டினார், கையில பிடிச்சா செங்கல் மாதிரி கனம், ரெண்டு பேட்டரி, மேல கண்ணாடி டேங்க், பட்டனை அமுக்கினா வாட்ஸ் ஏத்தலாம் இறக்கலாம். கூட அதுல ஊத்தற லிக்விட், ஒரு எம்எல்லுக்கு 3 எம்ஜி நிகோடின், மாம்பழ ஃப்ளேவர். எல்லாம் சேத்து எழுபது பவுண்ட். தினமும் எத்தனை சிகரெட் பிடிப்பீங்கன்னு அவர் கேக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு இழுப்பு இழுத்தேன், இருமல் வந்து கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு. ரூம் பூரா மேகம் மாதிரி புகை, ஆனா அந்தத் தம் அடிச்ச திருப்தி கொஞ்சம் கூட இல்லை. நாலாவது நாள் பஸ் ஸ்டாப்ல நின்னு சிகரெட் பத்த வெச்சேன். வேப் எல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னு முடிவு கட்டிட்டேன், அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு.

அந்த மிஷின் கெட்ட மிஷின் இல்லை, எனக்கானது இல்லை, அவ்வளவுதான். சிகரெட் இழுக்கறப்ப நாம என்ன பண்றோம்னு ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. மொதல்ல புகையை வாய்க்குள்ள இழுத்து ஒரு கணம் நிறுத்தறோம், அப்புறம்தான் நெஞ்சுக்குள்ள விடறோம். பெரிய மிஷின் எல்லாம் நேரா நெஞ்சுக்குள்ள இழுக்கறதுக்குன்னே செஞ்சது, காத்து தாராளமா போகும், ஒரே இழுப்புல ஏகப்பட்ட ஆவி வரும், அதனாலதான் அதுல 3 எம்ஜி மாதிரி கம்மி நிகோடின் ஊத்தறாங்க. பதினாறு வருஷம் வாயில இழுத்துப் பழகினவன் அதை வெச்சு என்ன பண்ணுவான்? சின்ன பாட் மாடல் (பாட்னா லிக்விட்டும், அதைச் சூடாக்கற கம்பிச்சுருளான காயிலும் இருக்கற குட்டி டப்பா) அப்படி இல்லை, இழுக்கறப்ப சிகரெட் மாதிரியே இறுக்கமா இருக்கும், ஆவி கொஞ்சமாத்தான் வரும், அதுக்கு ஏத்த மாதிரி லிக்விட்ல நிகோடின் கூட இருக்கும். கடையில கேக்கறப்ப காயிலோட ஓம்ஸ், அதாவது மின்தடை, எவ்வளவுன்னு கேளுங்க. ஏறக்குறைய 1 ஓம், அதுக்கு மேலன்னா சிகரெட் மாதிரி இழுப்பு. 0.5க்குக் கீழன்னா அந்த மேகம் விடற சமாச்சாரம், அது இப்ப வேண்டாம்.

நடுவுல ஒரு வருஷம் டிஸ்போசபிள் வாங்கிக்கிட்டு சிகரெட்டும் பிடிச்சுக்கிட்டு ரெண்டும்கெட்டானா இருந்தேன், வேலையில வேப், வீட்டுக்கு வந்தா தம். 2025 ஜூன் 1ல இருந்து ஒரு தடவை பிடிச்சுட்டுத் தூக்கிப் போடற வேப்பை இங்க விக்கக் கூடாதுன்னு தடை வந்துச்சு, நான் பழையபடி முழு பாக்கெட்டுக்குப் போயிட்டேன். செப்டம்பர்லதான் கவுன்சிலோட (நம்மூர் நகராட்சி மாதிரி) ஸ்டாப் ஸ்மோக்கிங் சர்வீஸ்ல, தம்மை விட உதவி பண்ற இடம் அது, அப்பாயின்ட்மென்ட் போட்டேன். போறதுக்கு வெக்கமா இருந்துச்சு, டாக்டர் மாதிரி திட்டுவாங்கன்னு நினைச்சேன். அங்க இருந்த அம்மா ஒரு வார்த்தை திட்டலை. கார்பன் மோனாக்சைடு மீட்டர்னு ஒண்ணு, சிகரெட் புகையில இருந்து வர்ற அந்த விஷ வாயு மூச்சுல எவ்வளவு இருக்குன்னு காட்டும், போலீஸ்காரங்க குடிச்சிருக்காங்களான்னு ஊதச் சொல்வாங்களே அதே மாதிரி, மூச்சைப் பதினஞ்சு செகண்ட் அடக்கி மெதுவா ஊதச் சொன்னாங்க. 24ன்னு காட்டுச்சு. அப்புறம் அவங்க கேட்ட முதல் கேள்வி, காலைல எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்? அஞ்சு நிமிஷம்னேன். பல் விளக்கறதுக்கு முன்னாடியே. அரை மணி நேரத்துக்குள்ள பத்த வெக்கறவங்களுக்கு உடம்பு நிகோடினை நிறைய கேக்கும், கம்மி ஸ்ட்ரெங்த்ல ஆரம்பிச்சா தாக்குப் பிடிக்க முடியாதுன்னாங்க. 3 எம்ஜி வாங்கினது ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுக்கிச்சு.

அதனால நிகோடின் அளவு விஷயத்துல பயந்துக்கிட்டு கம்மியா எடுக்காதீங்க. நம்மாளுங்க நிறைய பேர் நிகோடின்தான் கேன்சர் வர வைக்குதுன்னு நினைச்சுக்கறாங்க. அடிமையாக்கறது நிகோடின், சரி, ஆனா ஆளைக் கொல்றது புகையிலை எரியறப்ப வர்ற தாரும் கார்பன் மோனாக்சைடும் மத்த விஷமும். வேப்ல எதுவும் எரியறதில்லை, காயில் சூடாகி பஞ்சுல ஊறின லிக்விட் ஆவியாகுது. அதுக்காக ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன், சிகரெட்டை விட ரொம்ப ரொம்பக் கம்மி, அவ்வளவுதான். இங்க சட்டப்படி அதிகபட்சம் ஒரு எம்எல்லுக்கு 20 எம்ஜி. ஒரு பாக்கெட் ஆளுங்களுக்கு நிக் சால்ட் லிக்விட்ல 20 எம்ஜி சரியா இருக்கும். நிக் சால்ட்னா தொண்டையில உறுத்தாத வகை, சாதா லிக்விட்ல 18 எம்ஜி இழுத்தா கொஞ்சம் சுருக்குன்னு பிடிக்கும், சிலருக்கு அந்தச் சுருக்குதான் சிகரெட் மாதிரி இருக்குன்னு பிடிக்கவும் செய்யும். அஞ்சு பத்துன்னு பிடிக்கறவங்க 10 எம்ஜி பக்கம் ஆரம்பிக்கலாம். தலை சுத்துச்சுன்னா, குமட்டுச்சுன்னா கூடிப் போச்சுன்னு அர்த்தம், இறக்கிக்குங்க. கர்ப்பமா இருக்கறவங்க, இதய நோய்க்கு மாத்திரை எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்.

இதுக்கு ஆதாரம் வேணும்னு கேக்கறவங்களுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2019ல வந்தது, இங்கயே என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) ஸ்டாப் ஸ்மோக்கிங் சர்வீஸ்ல தம்மை விட வந்த 886 பேரை வெச்சுப் பண்ணினது. பாதிப் பேருக்குப் பேட்ச், கம் மாதிரி அவங்க விரும்பினது, மீதிப் பேருக்கு லிக்விட் ஊத்திக்கற ஸ்டார்டர் கிட்டும் ஒரு பாட்டில் 18 எம்ஜி லிக்விட்டும். அதுக்கப்புறம் ஃப்ளேவரும் ஸ்ட்ரெங்த்தும் அவங்கவங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் வாரா வாரம் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா பேட்ச் பக்கம் 9.9 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க, வேப் பக்கம் 18 சதவீதம். ஆனா இதோட இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்த வேப் பக்கம் சிகரெட்டை விட்டவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் ஒரு வருஷம் கழிச்சும் வேப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நானும் இன்னும் அந்த எட்டுல ஒருத்தன்தான். 20ல ஆரம்பிச்சு இப்ப 10க்கு வந்திருக்கேன், அவசரப்பட்டுக் குறைச்சா திரும்ப சிகரெட்டுக்குப் போயிடுவோம்னு அந்த அம்மாவே சொன்னாங்க, மெதுவாவே போறேன்.

சரி, கிட் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வகை. லிக்விட் அடைச்சே வர்ற பாட், மாட்டினா முடிஞ்சுது, கண்ணு சரியா தெரியாதவங்களுக்கும் கை நடுங்கறவங்களுக்கும் அதுதான் நல்லது, ஆனா மாசச் செலவு கூட. இன்னொண்ணு நாமளே ஊத்திக்கற பாட். உவெல் கலிபர்ன், வேப்பரெஸ்ஸோ எக்ஸ்ராஸ் மாதிரி மாடல் எல்லாம் இந்த ரகம், பதினஞ்சு இருபது பவுண்டுக்குள்ள வந்துடும், பேனா விட கொஞ்சம் தடிமன், சட்டைப் பையில அடங்கும். நான் பாக்கச் சொல்றது என்னன்னா, பட்டன் இல்லாம இழுத்தா வேலை செய்யணும், யூஎஸ்பி சி சார்ஜர் ஏறணும், பாட்ல எவ்வளவு லிக்விட் இருக்குன்னு வெளியவே தெரியணும், அந்த மாடலோட பாட் நீங்க இருக்கற தெருவுலயே கிடைக்கணும். கடைசி விஷயம் சின்னதாத் தெரியும், ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாட் கருகிப் போய் கடையெல்லாம் சாத்திட்டா பக்கத்துல திறந்திருக்கறது சிகரெட் விக்கற கடை மட்டும்தான். அதனால எப்பவும் ஒரு பாட் எக்ஸ்ட்ரா கையில இருக்கட்டும். லிக்விட் வாங்கறப்ப அதுல கலந்திருக்கற பிஜி (ப்ரோபிலீன் கிளைகால்), விஜி (வெஜிடபிள் கிளிசரின்) ரெண்டும் 50க்கு 50ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. விஜி ஜாஸ்தியா இருந்தா விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியா இருக்கும், சின்னக் காயில்ல இருக்கற பஞ்சு அதை உறிஞ்சாது, கருகின நாத்தம்தான் வரும். பாட்டில் 10 எம்எல், டேங்க் 2 எம்எல், அதுக்கு மேல நிகோடின் லிக்விட் யாராவது நீட்டினா அது சட்டப்படி வந்த சரக்கு இல்லை, வாங்காதீங்க.

காசு கொடுத்து வாங்கறதுக்கு முன்னாடி கவுன்சில்ல கேளுங்க. 2023ல பத்து லட்சம் பேருக்கு ஸ்டார்டர் கிட் இலவசமாக் கொடுக்கறதா அரசாங்கம் அறிவிச்சாங்க, அதுல பல ஊர்ல கொடுத்தாங்க, எனக்கும் அப்படித்தான் கிடைச்சுது. எழுபது பவுண்ட் கொடுத்து வாங்கின மிஷினால முடியாததை இலவசமா வந்த சின்ன பாட் பண்ணிடுச்சு. 2026 அக்டோபர் 1ல இருந்து லிக்விட்டுக்கு 10 எம்எல்லுக்கு 2.20 பவுண்ட் வரி வரப் போகுது, அப்பவும் தினம் ஒரு பாக்கெட் சிகரெட்டோட கணக்குப் பாத்தா பக்கத்துலயே வராது.

பிடிக்கற விதமும் வேற. சிகரெட்டை வெடுக்குன்னு இழுப்போம், இதை அப்படி இழுத்தா லிக்விட் வாய்க்கு வந்து மிளகாயைக் கடிச்ச மாதிரி காரும். மெதுவா மூணு நாலு செகண்ட் இழுக்கணும். நிகோடின் சிகரெட் அளவுக்கு வேகமா ஏறாது, அதனால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு ஒண்ணும் ஆகலையேன்னு பதறாம கொஞ்ச நேரம் பொறுக்கணும். முதல் வாரம் இருமல் வரும், வாய் வறளும், தண்ணி நிறைய குடிங்க. லிக்விட் பாட்டிலைக் குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க, அது வயித்துக்குள்ள போனா விஷம்.

நாலு வாரம் கழிச்சு திரும்ப ஊதச் சொன்னாங்க. 2ன்னு காட்டுச்சு. அந்த அம்மா மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க, நான் ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

தம்பியும் போன வியாழக்கிழமை அந்த சர்வீஸுக்குப் போயிட்டு வந்தான். அவனுக்கு மீட்டர் 19ன்னு காட்டுச்சாம். கிட்டைக் கொண்டு வந்து கிச்சன் டேபிள்ல பிரிச்சோம். பாட் மூடியைத் திறந்து ஓரமா ஊத்தச் சொன்னேன், நடுவுல ஓட்டை இருக்கற மாடல்னா அதுல ஊத்திடக் கூடாது. கை லேசா நடுங்குச்சு அவனுக்கு, அன்னிக்கு மத்தியானத்துல இருந்து பிடிக்கலையாம். ஊத்தினதும் உடனே வாய்ல வெக்கப் போனான், தடுத்துட்டேன். பஞ்சு முழுசா ஊற பத்து நிமிஷம் ஆகும், அதுக்குள்ள இழுத்தா காய்ஞ்ச பஞ்சு கருகி புது பாட்டே வீணாயிடும். போன்ல டைமர் வெச்சுட்டு டீ போட்டேன். டீ டம்ளரை வாங்கினதும் வழக்கம் போல வாசக்கதவு பக்கம் நடந்தான், டீயும் தம்மும் ஒண்ணாவே பழகின கால்தானே. கதவுகிட்ட போய் நின்னு, "எவ்வளவு இருக்குண்ணா?"ன்னான். "ஆறு நிமிஷம்டா"ன்னேன். திரும்பி வந்து உக்காந்துட்டான்.