பின்கண்ணாடியின் நடுப்பட்டை

அமெரிக்காவில் பழைய கார்களை ஏலம் விடும் நிறுவனம் ஒன்றில், ஏலப் பட்டியலுக்கு விவரக் குறிப்பு எழுதுவது என் வேலையாக இருந்தது. வண்டியைப் பார்த்து, எண்களைச் சரிபார்த்து, அரைப் பக்கம் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து தொலைபேசியில் ஏலம் கேட்பவர்களுக்கு அந்த அரைப் பக்கம்தான் கண். அதனால் அதில் ஒரு சொல்லைக்கூட அலட்சியமாகப் போட எனக்கு மனம் வந்ததில்லை.

ஒரு குளிர்காலத்தில் 1963-ஆம் ஆண்டின் கார்வெட் ஸ்டிங் ரே கூபே, அதாவது நிலையான கூரை கொண்ட இரண்டு கதவு விளையாட்டுக் கார், ஒன்று வந்தது. முகப்பு விளக்குகளைத் திருப்பி உள்ளே மறைத்துக்கொள்ளும் கார் அது. கூரையின் நடுவே முதுகெலும்பு போல ஓடிவரும் கோடு, பின்கண்ணாடியையும் இரண்டாகப் பிளந்துகொண்டு கீழே இறங்கும். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் கண்ணாடியைப் பிளக்கும் அந்த நடுப்பட்டைக்காகப் பிடிவாதமாக நின்றார். கார்வெட்டின் பொறியாளர் சோரா ஆர்க்கஸ் டன்டாவுக்கோ அது பிடிக்கவே இல்லை. ஓட்டுநருக்குப் பின்னால் வரும் வண்டி தெரிய வேண்டாமா என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே பட்டை போய் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. பட்டையோடு வெளிவந்த கூபேக்கள் 10,594 மட்டுமே. அவற்றிலும் சிலவற்றின் சொந்தக்காரர்கள், புது மாடல் போலத் தெரியட்டும் என்று பட்டையை அறுத்தெறிந்து 1964-இன் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். பின்னாளில் அந்தப் பட்டைக்காகவே மக்கள் அலையப்போகிறார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எஞ்சினில் குறை எதுவும் இல்லை. வலது சிலிண்டர் தலைக்கு முன்னால் உள்ள சிறு மேடையில் பொறித்திருந்த தொடர் எண், கையுறைப் பெட்டிக்குக் கீழே இருக்கும் தகட்டின் எண்ணோடு பொருந்தியது; அதாவது காரோடு வந்த அதே எஞ்சின். எஞ்சின் வகையைச் சொல்லும் 'ஆர்டி' என்ற குறியும் இருந்தது. 327 கன அங்குலம், 300 குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர். அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

பிறகு பின்கண்ணாடியின் உள்பக்க அலங்காரப் பட்டியைக் கழற்றினேன். இந்தக் காரின் உடல் ஃபைபர்கிளாஸ், அதாவது பிசினில் ஊறிய கண்ணாடி இழை. ஆலையில் அச்சில் அழுத்தி எடுத்தது இருபுறமும் வழவழப்பாக இருக்கும். இங்கே பட்டையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கையால் ஒட்டிய கண்ணாடி இழையின் சொரசொரப்பு விரலில் பட்டது. யாரோ ஒரு காலத்தில் அறுத்திருக்கிறார்கள். வேறு யாரோ, மிக நல்ல கைத்திறனோடு, திரும்ப வைத்திருக்கிறார்கள்.

உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் நெடுநாளாக அந்தக் காரை வைத்திருந்த முதியவர். "நான் வாங்கும்போதே பட்டை இருந்ததே" என்றார். வெகுநேரம் பேச்சில்லை. அந்த மௌனம் என்னை மிகவும் வருத்தியது. எனக்கு மேலே இருந்தவரோ, "உடற்பகுதி சீரமைக்கப்பட்டது என்று எழுதினால் போதும்" என்றார். அதில் பொய் இல்லைதான். ஆனால் வண்ணம் புதிதாக அடித்த காருக்கும் அதே வரியைத்தான் எழுதுவோம்; படிப்பவருக்குப் பட்டையின் நினைவே வராது. நான் ஒப்பவில்லை. இரண்டு நாள் இழுபறி. கடைசியில் அந்த முதியவரே அழைத்து, "உள்ளதை எழுதுங்கள்" என்றார். 'பின்கண்ணாடியின் நடுப்பட்டை முன்பு அகற்றப்பட்டு, பின்னர் மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது' என்று நேராக எழுதினேன்.

அறுத்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் அந்தக் காரைத் தினமும் ஓட்டியிருப்பார், பின்னோக்கி எடுக்கும்போதெல்லாம் அந்தப் பட்டை அவர் பார்வையை மறைத்திருக்கும். சாலையில் ஓடிய வண்டிக்கு அப்படி ஒரு தழும்பு இருப்பது இயற்கை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஏலத்தன்று காலையில் ஒரு பெண்மணி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, காருக்குள் தலையை விட்டு அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்த புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மேடையில் கார் நின்றது சில நிமிடங்கள்தான். பட்டை மாறாத கார்களுக்குக் கிடைக்கும் விலை கிடைக்கவில்லை. ஆனால் உரிமையாளர் வைத்திருந்த அடிவிலையைத் தாண்டியது. அந்தப் பெண்மணியே வாங்கினார். சாவியையும் பத்திரங்களையும் ஒப்படைக்கும்போது அந்தப் புகைப்படங்களைத் திருப்பித் தந்தார். நான் அவற்றைப் பத்திரங்களோடு சேர்த்துக் கோப்பிலேயே வைத்துக் கொடுத்தேன்.