பட்ஜெட் லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு

"ஐ5 இருக்கா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இன்டெல் பிராசஸர்களில் ஒரு வரிசைக்கான அந்தப் பெயர் 2009லிருந்து இருக்கிறது. பழைய ஐ5ஐ விட, அதற்குக் கீழ்ப்படியான ஐ3யின் இன்றைய மாடல் எவ்வளவோ மேல். எந்தத் தலைமுறை என்று கேளுங்கள்.

பிரவுசரில் நாலைந்து டேப், ஒரு வேர்டு ஃபைல், ஒரு வீடியோ கால். அன்றாட வேலைக்கு அவ்வளவுதானே? இதில் லேப்டாப் திணறினால் பெரும்பாலும் ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) போதவில்லை என்று அர்த்தம். 8 ஜிபிக்குக் கீழே போகவே வேண்டாம். முடிந்தால் 16. சில மாடல்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் மாற்ற வழியில்லை. இதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஃபைல்களைச் சேமிக்கும் ஸ்டோரேஜ், வேகமான எஸ்எஸ்டியாக இருக்கட்டும். மலிவு மாடல்களில் அதற்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான ஸ்டோரேஜ் போட்டிருப்பார்கள். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே அதை அடைத்துவிடும்.

அப்புறம் திரை. ரெசல்யூஷன் 1920x1080 (ஃபுல் எச்டி) இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கும்போது நிறம் வெளுத்தால் அது மட்டமான பேனல். தினமும் கண்தான் கஷ்டப்படும்.

பழையது வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறை முதல் பாருங்கள்.