அன்னபூரணி போய்ச் சேர்ந்த துறை

சிதம்பராக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த மாஸ்டர், வாஸ்கோ டகாமாவை நடுக்கடலில் விட்டுவிட்டு அன்னபூரணிக்குத் தாவிவிடுவார். வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய பாய்க்கப்பல். அதை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். கப்பல் தலைவர் தம்பிப்பிள்ளைத் தண்டையலும் எங்கள் ஊர் மாலுமிகளும் அதை அத்திலாந்திக் தாண்டிச் செலுத்திப்போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் நிறுத்தினார்கள். பின்வாங்கில் இருந்த எங்களுக்கு இது சுத்த ஊர்ப்புளுகு. "மாஸ்டரின்ரை கப்பல் இண்டைக்குச் சூயஸ் தாண்டிட்டுதடா" என்று குசுகுசுப்போம்.

போன வருடம் ஒரு கலியாணத்துக்காக பொஸ்டன் போயிருந்தேன். அதே பின்வாங்குக் கூட்டாளி அங்கேதான் இருக்கிறான். "வா மச்சான், மாஸ்டரின்ரை துறையைப் பாத்திட்டு வருவம்" என்றான். ரயிலில் ஒரு மணித்தியாலம்.

துறைமுகத்தை ஒட்டி நடந்து பார்க்க வழி போட்டு, இடத்துக்கு இடம் கருங்கல் தூண் நட்டு, அந்தந்த இடத்துக் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எங்கள் ஏழெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். 1623 இல் ஆங்கிலேயர் மீன்பிடிக்கவென்றே வந்து இறங்கிய இடமாம். பிறகு போர்த்துக்கேயர், சிசிலிக்காரர். கொட் மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, மரத்தட்டிகளில் வெயில் காயவைத்து ஊர் ஊராக அனுப்பியதை அவர் வெகு நுணுக்கமாக விளக்கினார். பகல் வெயிலில் புரட்டிப் போடவேண்டும், மழை இருட்டினால் ஓடிப்போய் மூடவேண்டும்.

"கருவாடு எண்டு ஒரு சொல்லிலை முடிஞ்சிருக்கும்" என்றான் கூட்டாளி.

நல்ல பயண மாதா கோவிலுக்கு முன்னால்தான் அவன் வாய் அடங்கியது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நிற்கும் மாதாவின் இடது கையில் குழந்தை இல்லை, ஒரு பாய்க்கப்பல் இருக்கிறது. கப்பலுக்கே அம்மன் பெயர் வைத்த ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "செருப்பைக் கழட்டவோ?" என்று மெல்லக் கேட்டான். கழற்றவில்லை, நல்ல குளிர்.

அன்னபூரணியைப் பற்றி அந்த அம்மா கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனால் கொப்பியை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். கூட்டாளி மாஸ்டரின் குரலிலேயே சொன்னான், சூயஸ் உட்பட.

கடைசியாகக் கடற்கரை வீதியில் சுக்கான் பிடித்து நிற்கும் வெண்கல மாலுமி. 1925 இல் வைத்த சிலை. அதைச் சுற்றிய பலகைகளில் கடலோடு போனவர்களின் பெயர்கள், வருட வாரியாக, 5,368. 1879 இல் மட்டும் 249 பேர். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. அண்ணன் தம்பியாக இருக்கும், அல்லது தகப்பனும் மகனுமாக. குழுவில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் விரலால் தடவித் தடவி வாசித்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் அப்பாவின் தகப்பன் பர்மாவின் அக்கியாப்பில் அரிசி ஏற்றிக்கொண்டு வரும்போது வங்காள விரிகுடாவில் போனவர். கப்பலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. மழைக்காலச் சூறாவளி என்பார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான், அது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவே ஊருக்கு, மாமிக்குப் போன் எடுத்தேன். எண்பத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம்.

"மாமி, அப்பு எந்த வருசம் போனவர்?"

"வருசம் ஆரடா எழுதி வைச்சது? எனக்கு அப்ப நடக்கத் தெரியாது."

"திதி?"

"கடலிலை போனவருக்கு என்ன திதி? ஆடி அமாவாசைதான். கொப்பர் இருக்குமட்டும் கீரிமலைக்குப் போய்க் குடுத்தவர்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப நீ குடுக்கிறியோ?"

லைன் சரியில்லை மாமி, பிறகு எடுக்கிறேன் என்றேன்.