சூரியன் இழுக்குமா, நிலா இழுக்குமா?

நிலாவைவிடச் சூரியன் பூமியை ஏறத்தாழ 178 மடங்கு அதிகமாக இழுக்கிறது என்றேன். உவரி மாமா விடவில்லை. “பொறவு எதுக்குலே கடலு நெலாவப் பாத்து ஏறி எறங்குது?”

சரியான பிடி. கடலை ஏற்றுவது மொத்த இழுவை அல்ல. பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள இழுவை வித்தியாசம். தூரம் இரட்டித்தால் இழுவை நாலில் ஒன்றாகும். இந்த வித்தியாசமோ எட்டில் ஒன்றாகிவிடும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, நிலா 3,84,000தான். அதனால் ஓதத்தில், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தில், சூரியனின் பங்கு நிலாவுடையதில் 46 சதவீதம்தான். (இதைப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை!) அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் சேர்வதால் ஏற்றம் பெரிது.

“அப்ப அட்டமிக்கு ரெண்டும் மல்லுக்கு நிக்குமோ?”

ஆமாம் மாமா, செங்குத்தாக. அதனால்தான் அப்போது ஏற்றம் மட்டுப்படுகிறது.