வரைபடத்தில் மட்டும் வந்த இணையம்

டெக்சாஸில் ஊர் எல்லையைத் தாண்டி எங்கள் வீடு. கேபிள் கம்பெனியின் ஒயர் நாலு வீடு தள்ளி ஒரு கம்பத்தில் சுருட்டிக் கட்டியதோடு நின்றுவிட்டது. 2022 நவம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, எந்த வீட்டில் எந்தக் கம்பெனியின் இணையம் கிடைக்கும் என்று காட்டும் புது பிராட்பேண்ட் வரைபடத்தை வெளியிட்டதும் எங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். அதே கம்பெனியின் சேவை எங்கள் வீட்டில் கிடைக்கிறதாம்!

பழைய கணக்கு இன்னும் மோசம். ஒரு சென்சஸ் பிளாக்கில், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சின்னப் பகுதியில், ஒரு வீட்டுக்கு வந்தாலே மொத்த பிளாக்குக்கும் வந்ததாக வைத்துக்கொள்வார்கள். இப்போது வீட்டுக்கு ஒரு புள்ளி. ஆனால் புள்ளிக்கு விவரம் கொடுப்பது அதே கம்பெனிகள்தான். அதனால்தான் 'இது தப்பு' என்று நாம் ஆட்சேபிக்க, அதாவது சேலஞ்ச் போட, வழி வைத்திருக்கிறார்கள். இணைய வசதிக்கான 42.45 பில்லியன் டாலர் மானியத்தை மாநிலங்களுக்குப் பிரிப்பதே இந்த வரைபடத்தை வைத்து என்பதால், 2023 ஜனவரி 13க்குள் போடச் சொன்னார்கள்.

படிவம் ஐந்து நிமிட வேலை. நான் சொதப்பியது ஆதாரத்தில். 'போனில் கேட்டேன், முடியாது என்றார்கள்' என்று எழுதி, தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டேன். கம்பெனிக்குப் பதில் சொல்ல 60 நாள் அவகாசம். கிட்டத்தட்ட கடைசி நாள்வரை இழுத்துவிட்டு, அந்தத் தெருவில் எங்கள் சேவை உண்டு என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். தெருவில் உண்டுதான், யார் இல்லை என்றது?

அடுத்து நான் போனையே தொடவில்லை. அவர்கள் தளத்தின் சாட்டில் போய்ப் புது இணைப்பு கேட்டேன். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு வந்த பதில்: ஒயர் இழுக்க 8,700 டாலர் ஆகும். படித்ததும் துள்ளிக் குதித்தேன். எஃப்சிசி விதிப்படி, வழக்கமான இன்ஸ்டலேஷன் கட்டணத்துக்கு மேல் கேட்டால், அல்லது பத்து வேலை நாளுக்குள் இணைப்பு தர முடியாவிட்டால், அந்த வீட்டில் 'கிடைக்கும்' என்று காட்டக் கூடாது. தேதி, முகவரி, தொகை மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர் கதை வேறு. வீட்டுக்குப் புள்ளியே இல்லை, மாட்டுக்கொட்டகைக்கு இருந்தது. அப்படியென்றால் முதலில் புள்ளியே தப்பு என்று இடத்துக்கான சேலஞ்ச் போட வேண்டும், அது தனி.

இப்போது வரைபடத்தில் எங்கள் புள்ளிக்கு எதிரே அந்தக் கம்பெனி பெயர் இல்லை. மீட்டிங் என்றால் இன்னமும் மாடி ஜன்னலோரம் போன் ஹாட்ஸ்பாட்தான். அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்கவில்லை. 8,700 டாலருக்குக் கீழேயே, 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு கேட்டிருக்கிறார்கள்.