பன்னெண்டு வயசுல முதல்ல வந்தா போதுமா

போன மாசம் எங்க பையன் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல 1500 மீட்டர்ல ஃபர்ஸ்ட் வந்தான், வயசு 12. அன்னிக்கு ராத்திரியே வீட்ல பேச்சு ஆரம்பிச்சாச்சு, நல்ல கோச் பாக்கணும், ஸ்பைக்ஸ் ஷூ வாங்கணும், டெய்லி காலைல எழுப்பி விடணும்னு. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். அவன் கிளாஸ்லயே இவன்தான் உயரம், குரல் வேற உடைய ஆரம்பிச்சிடுச்சு, செகண்ட் வந்த பையன் இவன் தோளுக்குக்கூட வரல.

நான் காலேஜ் வரைக்கும் 5000 மீட்டர் ஓடினவன், இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை கொஞ்சம் பசங்களுக்கு ஓட்டம் சொல்லித் தர்றேன். அதுல பாத்ததுதான் இது. இந்த வயசுல முன்னாடி நிக்கிறவங்கள்ல நிறைய பேர் சீக்கிரமா வளர்ந்தவங்க, மத்தவங்க வளர்ந்ததும் அந்த வித்தியாசம் கரைஞ்சு போயிடும். பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்க்ளிஃப் 1986-ல இங்கிலாந்து பள்ளிகளுக்கான கிராஸ் கன்ட்ரில, அதாவது புல்லு, மேடு பள்ளம்னு ஓடுற போட்டில, 299-வதா வந்தாங்க. அடுத்த வருஷம் அதே போட்டில நாலாவது. 2003-ல லண்டன் மாரத்தான 2 மணி 15 நிமிஷம் 25 செகண்டுல முடிச்சாங்க, பெண்கள்ல அந்த உலக ரெக்கார்டு 2019 வரைக்கும் நின்னுச்சு. அந்த 299-ஐ மட்டும் பாத்துட்டு யாராவது இந்தப் பொண்ணுக்கு ஓட்டம் வராதுன்னு சொல்லியிருந்தா?

நான் அன்னிக்கு அதிகமா பாத்தது செகண்ட் வந்த அந்த சின்னப் பையனைத்தான். முதல் ரவுண்டுல எல்லாரும் வெறி பிடிச்ச மாதிரி ஓட அவன் பின்னாடியே இருந்தான், என் வாட்ச்ல அவனோட மூணு ரவுண்டும் கிட்டத்தட்ட ஒரே டைம். யாரும் சொல்லித் தராம ஒரு குழந்தைக்கு தன் மூச்சோட அளவு தெரியுதுன்னா அது பெரிய விஷயம். முடிச்சு ரெண்டே நிமிஷத்துல சாதாரணமா பேசிட்டு இருந்தான், எங்க பையன் புல்லுல மல்லாந்து கிடந்தான். அந்த சின்னப் பையன் ஓடும்போது கால் சத்தமே கேக்கல, தோளும் இறுகல. ஒரே வேகத்துக்கு கம்மி ஆக்சிஜன்ல ஓடுற உடம்பா இருக்கலாம்னு தோணுச்சு, ஆனா ஒரு ரேஸ வச்சு அதையும் அடிச்சு சொல்ல முடியாது.

ஏன்னா டேலண்ட்ங்கறது இன்னிக்கு இருக்கற வேகம் மட்டும் இல்ல, பயிற்சிக்கு உடம்பு எவ்வளவு வளைஞ்சு குடுக்குதுங்கறதும்தான். ஹெரிடேஜ்னு ஒரு ஆய்வுல பெரியவங்களை குடும்பம் குடும்பமா 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் மிதிக்க வச்சாங்க, சிலருக்கு ஆக்சிஜன் எடுக்கற திறன் நல்லா ஏறிச்சு, சிலருக்கு அசையவே இல்ல, அந்த வித்தியாசத்துல ஏறக்குறைய பாதி பரம்பரைன்னு கணக்கு வந்துச்சு. அது பழகினாத்தான் தெரியும்.

அதுக்காக பழக்குறேன்னு கிலோமீட்டரை ஏத்துறது எனக்குப் பிடிக்காது. வளர்ற எலும்போட முனை இன்னும் கெட்டியாகல, குதிகால் வலி, முட்டிக்குக் கீழ வலின்னு வந்து மாசக்கணக்குல உக்காந்த பசங்களப் பாத்திருக்கேன். பொண்ணுங்களுக்கு இன்னும் கஷ்டம், வயசுக்கு வர்ற சமயத்துல உடம்பு மாறும்போது ரெண்டு வருஷம் டைம் அப்படியே நிக்கலாம், சில சமயம் முன்ன விட அதிகமாவும் ஆகலாம். அப்ப பக்கத்துல இருக்கறவங்க இவளுக்கு அவ்வளவுதான்னு சொல்லி அந்தப் பொண்ணு ஓட்டத்தையே விட்டுடுது பாருங்க, எனக்கு வயிறு எரியும்.

கோச் பேச்சை இப்போதைக்கு நிறுத்தியாச்சு. ஃபுட்பால், நீச்சல் எல்லாம் இருக்கட்டும், வாரம் ரெண்டு நாள் ஓடினா போதும்னு சொல்லிட்டேன். நேத்து அவனே வந்து அந்தப் பையனையும் சனிக்கிழமை கூப்பிடலாமாப்பான்னு கேட்டான். வரச் சொல்லியிருக்கோம், முதல் ரவுண்டு முழுக்க அவன் பின்னாடியே ஓடணும், தாண்டக் கூடாதுன்னு இவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.